குத்துச்சண்டை பழகப் போகிறீர்களா? பெங்களூரில் நான் பட்டதை நீங்கள் பட வேண்டாம்

அல்சூரில் எங்கள் வீட்டு அலமாரியில் இப்போது மூன்று ஜோடி பாக்ஸிங் கையுறை இருக்கிறது. இரண்டு தண்டம். ஒரு வருட ஃபீஸ் கட்டிய ரசீது ஒன்று இருக்கிறது, அதில் பத்து மாதம் தண்டம். அதற்குப் பக்கத்திலேயே என் வலது மணிக்கட்டின் எக்ஸ்ரே. இத்தனையும் முதல் நான்கு மாதத்தில் சேர்த்த சொத்து. இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது, வாரத்துக்கு மூன்று நாள் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கிறேன், ஊருக்குப் போனால் சித்தப்பா பையன்கள் என்னைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டிச் சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

நான் கரூர்க்காரி. வயது 33. வேலை வைட்ஃபீல்டில், நாள் முழுக்க உட்கார்ந்தே பார்க்கும் வேலை. பள்ளியில் கோ-கோ ஆடியதோடு சரி, அதற்கப்புறம் ஓடியது பஸ்ஸுக்கு மட்டும்தான். இப்படிப்பட்ட ஓர் ஆள் பெங்களூரில் இதைத் தொடங்கினால் என்னென்ன ஆகும், எவ்வளவு செலவாகும், எதில் ஏமாறுவோம் என்பதைத்தான் எழுதுகிறேன். கீழே வரும் தொகை எல்லாம் நான் கொடுத்தவை அல்லது விசாரித்தபோது என்னிடம் சொன்னவை. உங்கள் ஏரியாவில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

1. எதற்காகப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு பண்ணுங்கள்

உடம்பு குறைய வேண்டும், வேர்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் ஃபிட்னஸ் ஸ்டுடியோக்களில் நடக்கும் பாக்ஸிங் வகுப்பு போதும். பாட்டு அலறும், இருபது பேர் சேர்ந்து காற்றைக் குத்துவீர்கள், நன்றாகவே வேர்க்கும். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குத்துச்சண்டை கற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அங்கே போனால் ஆறு மாதம் கழித்தும் உங்கள் முழங்கை எங்கே இருக்கிறது என்று ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நான் செய்த முதல் தப்பு இதுதான். கண்ணாடிச் சுவர், ஏசி, வரவேற்பில் எலுமிச்சைத் தண்ணீர், 'இன்றைக்கே சேர்ந்தால் வருடத்துக்கு நாற்பது சதவீதம் தள்ளுபடி' என்று ஒருவர் பேனாவை நீட்டினார், நானும் கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது மாதம் பயிற்சியாளர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். அவருக்குப் பதில் வந்தவர் ஸூம்பா சொல்லிக்கொடுப்பவர். பணம் திருப்பித் தர மாட்டோம் என்று ரசீதின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் இருந்ததை அன்றுதான் படித்தேன்.

2. இடம் தேடும்போது என்ன பார்க்க வேண்டும்

போன் பண்ணிக் கேட்பதை விட, மாலை ஆறரை மணிக்கு நேரே போய் அரை மணி நேரம் ஓரமாக நின்று பாருங்கள். நல்ல இடத்தில் விட மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். அந்த அரை மணியில் கவனிக்க வேண்டியவை: கோச் ஒவ்வொருவரிடமும் போய்க் காலைத் திருத்துகிறாரா, கையில் சுற்றிக்கொள்ளும் துணியான கைச்சுற்று இல்லாமல் யாராவது தொங்கும் குத்துப்பையைக் குத்திக்கொண்டிருக்கிறார்களா (இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்), ஸ்பாரிங், அதாவது இருவர் எதிரெதிரே நின்று குத்திப் பழகுவது, நடந்தால் கோச் ரிங் ஓரத்தில் நிற்கிறாரா அல்லது போனில் இருக்கிறாரா, பெண்கள் எத்தனை பேர், உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறை உண்டா.

ரிங் இல்லாத இடம் மட்டம் என்று நினைக்காதீர்கள். நான் இப்போது போகும் இடத்தில் ரிங் கிடையாது, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நான்கு பைகள், ஒரு லாரி டயர், ரப்பர் விரிப்பு. ஆனால் கோச் ஆள் பார்த்துச் சொல்லிக்கொடுப்பார்.

வீட்டிலிருந்தோ ஆபீஸிலிருந்தோ அரை மணிக்குள் போய்ச் சேரும் இடமாகப் பாருங்கள். இந்த ஊர் டிராஃபிக்கில் 'சூப்பர் கோச், ஆனால் ஒன்றே கால் மணி நேரம்' என்பது மூன்றாவது வாரத்தைத் தாண்டாது. மெட்ரோ பாதையில் அமைந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. நான் பர்ப்பிள் லைனில் வைட்ஃபீல்டில் ஏறி அல்சூரில் இறங்கி நடந்தே போய்விடுகிறேன்.

ஃபீஸ் என்னிடம் சொன்னது: இந்திராநகர், கோரமங்களா பக்கத்துப் பளபள இடங்களில் மாதம் ஐயாயிரம், ஆறாயிரம். சிவாஜிநகர், அல்சூர், லிங்கராஜபுரம் பக்கத்துச் சின்ன இடங்களில் ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு வரை. தனியாகக் கோச் பேட் (நம் குத்தை வாங்க அவர் கையில் மாட்டிக்கொள்ளும் மெத்தை) பிடித்துச் சொல்லித்தருவது மணிக்கு எழுநூறு, ஆயிரம் என்று தனிக்கணக்கு. தொடக்கத்தில் அது தேவையே இல்லை. முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுங்கள், தள்ளுபடி போனால் போகட்டும். கட்டும் முன்னால் மூன்று கேள்வி: ஜிஎஸ்டி சேர்த்தா தனியா, சேர்க்கைக் கட்டணம் உண்டா, நடுவில் பத்து நாள் ஊருக்குப் போனால் அந்த நாட்களைத் தள்ளிப் போடலாமா. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊருக்கு ஓடும் நமக்கு மூன்றாவது கேள்விதான் முக்கியம்.

3. காகிதங்கள்

பெரிதாக ஒன்றும் இல்லை. ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் இரண்டு, அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் (ஊரில் இருக்கும் அம்மா நம்பர் வேண்டாம், பெங்களூரிலேயே இருக்கும் யாராவது), அப்புறம் ஒரு சம்மதப் படிவம். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து.

அந்தச் சம்மதப் படிவத்தை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 'எந்தக் காயத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல' என்ற வரி எல்லா இடத்திலும் இருக்கும், அது சகஜம். உங்கள் படத்தையும் வீடியோவையும் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்வோம் என்று ஒரு வரி சில இடங்களில் இருக்கும். வேண்டாம் என்றால் அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடலாம். நான் அடித்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

மருத்துவக் காப்பீடு பற்றி நிறையப் பேருக்குக் குழப்பம். பெரும்பாலான பாலிசிகளில் உள்ள பொதுவான விலக்கு, ஆபத்தான அல்லது சாகச விளையாட்டில் தொழில்முறையாகக் கலந்துகொண்டு அடிபட்டால் பணம் இல்லை என்பது. பொழுதுபோக்காகப் பழகும் நம்மை அது நேராகத் தொடாது. ஆனாலும் உங்கள் பாலிசியில் 'விலக்குகள்' பகுதியை ஒருமுறை படித்துவிட்டு, சந்தேகம் இருந்தால் கம்பெனிக்கு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள். நடைமுறையில் இடிப்பது வேறு. நமக்கு வரும் காயங்கள் பெரும்பாலும் சுளுக்கு, எக்ஸ்ரே, பிசியோதெரபி என்று வெளிநோயாளிச் செலவுகள். ஆஸ்பத்திரியில் படுக்காத செலவைச் சாதாரண பாலிசி தராது. என் மணிக்கட்டுக்கு டாக்டர், எக்ஸ்ரே, ஆறு முறை பிசியோ எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துக்கு மேல் போனது, முழுக்கக் கைக்காசு.

4. டாக்டரையும் கண் டாக்டரையும் பாருங்கள்

ஜிம்மில் ஃபிட்னஸ் சான்றிதழ் கேட்காவிட்டாலும் எடுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, 35 தாண்டியிருந்தால் அல்லது வீட்டில் யாருக்காவது இளவயதில் நெஞ்சுவலி வந்திருந்தால் ஓர் இசிஜி. வலிப்பு, ஆஸ்துமா, முன்பு தலையில் பட்ட அடி, தோள்பட்டை நழுவியது, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரிடமும் கோச்சிடமும் மறைக்காதீர்கள்.

கண் சமாச்சாரம் எனக்கு யாரும் சொல்லவில்லை, தற்செயலாகத் தெரிந்துகொண்டேன். எனக்குப் பவர் மைனஸ் ஐந்தரை. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கு விழித்திரை மெலிந்திருக்க வாய்ப்பு உண்டு, அது பிரிந்துகொள்ளும் அபாயமும் மற்றவர்களை விடக் கூடுதல். அந்தக் கண்ணில் குத்து வாங்குவது விளையாட்டல்ல. கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்ப்பார்கள், எனக்கு எண்ணூறு ரூபாய் ஆனது. அன்றைக்கு வண்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள், மூன்று நான்கு மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும், வெயில் குத்தும். கண்ணுக்கு லேசிக் அறுவை சிகிச்சை செய்தவர்களும் ஸ்பாரிங்குக்கு முன்னால் கண் டாக்டரிடம் கேட்டே ஆக வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு பையைக் குத்தலாம், ஆனால் எதிரே ஆள் நிற்கும்போது கண்ணாடி கூடாது.

5. என்ன வாங்க வேண்டும், என்ன வாங்கக் கூடாது

முதல் நாளே கடைக்கு ஓடாதீர்கள். முதல் இரண்டு வாரத்துக்குக் கைச்சுற்று ஒரு ஜோடி, ஓடுவதற்கான ஷூ, ஒரு துண்டு, ஒரு தண்ணீர் பாட்டில், இவ்வளவுதான் வேண்டும். கையுறை ஜிம்மில் இருக்கும். நாறும். மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் ஓட்டுங்கள்.

கைச்சுற்று: கோச்கள் 'பட்டி' என்பார்கள், சிலர் 'பேண்டேஜ்' என்பார்கள். கடையில் 108 அங்குலம் என்றும் 180 அங்குலம் என்றும் இருக்கும். 180 வாங்குங்கள், அதாவது நாலரை மீட்டர். போட்டியிலும் அதுதான் உச்ச வரம்பு. சின்னது மணிக்கட்டுக்குச் சுற்றினால் விரல் முட்டிக்கு வராது, முட்டிக்குச் சுற்றினால் மணிக்கட்டுக்கு வராது. கொஞ்சம் இழுபடும் துணியாகப் பாருங்கள். முந்நூறு, நானூறு ரூபாய். இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு முறையும் துவைத்தே ஆக வேண்டும். வாஷிங் மெஷினில் அப்படியே போட்டால் மற்ற துணியோடு சேர்ந்து கயிறு திரித்துக்கொடுத்துவிடும், வலைப்பையில் போட்டுத்தான் போட வேண்டும்.

கையுறை: என் முதல் ஜோடி 8 அவுன்ஸ், ஆன்லைனில், சிவப்பு நிறம் பிடித்திருந்தது என்பதற்காக. முட்டி வீங்கியது. இரண்டாவது ஜோடி 16 அவுன்ஸ், கடைக்காரர் சொன்னார் என்று. எனக்கு 58 கிலோ எடை, அதைப் போட்டுக்கொண்டு இரண்டாவது ரவுண்டிலேயே கை தரைக்கு வந்துவிட்டது. என் உடம்புக்குப் பையில் குத்த 12 அவுன்ஸ் சரியாக இருக்கிறது. பொதுவாக 65 கிலோவுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 12, அதற்கு மேலே 14 என்று கோச்கள் சொல்வார்கள். ஸ்பாரிங்குக்கு 14 அல்லது 16, அதில் திணிப்பு கூடுதல், எதிராளியின் முகத்துக்கு நாம் செய்யும் மரியாதை. கைச்சுற்றைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போய்ப் போட்டுப் பாருங்கள், வெறுங்கையில் சரியாக இருப்பது சுற்றின கையில் நுழையாது. இந்தியாவில் செய்யும் சரக்கு பெரும்பாலும் மீரட்டிலிருந்தும் ஜலந்தரிலிருந்தும் வருகிறது, ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள் முதல் வருடத்துக்குத் தாங்குகிற ஜோடி கிடைக்கும். எட்டாயிரம் ரூபாய் வெளிநாட்டுக் கையுறை போட்டதால் மட்டும் உங்கள் ஜாப் (முன்னே நிற்கும் கையால் நேராகக் குத்தும் குத்து) நேராகப் போய்விடாது.

பயிற்சி முடிந்ததும் கையுறையைப் பையிலேயே வைத்து மூடினீர்களோ, ஜூன் முதல் அக்டோபர் வரை இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து, மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். நேர் வெயிலில் வைத்தால் மேல்தோல் வெடிக்கும்.

பல் காப்பு: ஸ்பாரிங் என்ற பேச்சு வரும்போது வாங்கினால் போதும். வெந்நீரில் போட்டு எடுத்துக் கடித்து அச்சு எடுக்கும் வகை நானூறு ரூபாய்க்குள். எனக்கு முதல் தடவை அச்சு சரியாக விழவில்லை, வாய் திறந்தால் கீழே விழுந்தது. விழுந்தால் அது உங்கள் பல்லைக் காப்பாற்றாது, மறுபடி வெந்நீரில் போட்டு அச்சு எடுங்கள். பல்லுக்குக் கம்பி போட்டிருப்பவர்கள் பல் டாக்டரிடம் தனியாகச் செய்துகொள்ள வேண்டும்.

பெண்களுக்கு: மோதிரம், வளையல், செயின் எல்லாம் கழற்ற வேண்டும் என்பது தெரிந்ததுதான். மூக்குத்தியை மறந்துவிடாதீர்கள். எனக்குப் பத்தாம் வகுப்பில் போட்டது, திருகாணி பதினைந்து வருடமாக அசையவே இல்லை, கடைசியில் சிவாஜிநகரில் ஒரு ஆசாரியிடம் போய்த்தான் கழற்றினேன், ஐம்பது ரூபாய் வாங்கினார். வீட்டில் இரண்டு நாள் பேச்சு வாங்கினேன். மெட்டி போட்டுக்கொண்டு ஸ்கிப்பிங் ஆடினால் பக்கத்து விரல் கொப்புளம் போட்டுவிடும். தாலியைக் கழற்ற மாட்டேன் என்பவர்கள் மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு உள்ளே ஒட்டி வைப்பதைப் பார்த்திருக்கிறேன், பைக்கு அது பரவாயில்லை, ஸ்பாரிங்குக்குக் கூடாது. நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்று வேண்டும், கையுறையில் மிச்சம் பிடிக்கிற பணத்தை இதில் போடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள், இல்லாவிட்டால் முட்டி மடக்கும்போது உங்கள் உள்ளங்கையையே கீறும்.

6. முதல் வாரம்

ஒரு மணி நேர வகுப்பு கிட்டத்தட்ட இப்படிப் போகும்: பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டமும் ஸ்கிப்பிங்கும், அப்புறம் நிற்கும் முறையும் கால் நகர்த்தலும், கண்ணாடி முன்னால் காற்றில் குத்துவது, பிறகு பை, கடைசியில் தண்டால், வயிற்றுப் பயிற்சி, நீட்டி மடக்குதல். எல்லாம் மணி அடிக்கிற கணக்குதான். மூன்று நிமிடம் வேலை, ஒரு நிமிடம் ஓய்வு. மூன்று நிமிடம் என்பது இவ்வளவு நீளம் என்று எனக்கு 32 வயது வரை தெரியாது.

ஸ்கிப்பிங் வராது. கயிறு காலில் தட்டும், பக்கத்தில் எட்டாம் வகுப்புப் பையன் கையைக் குறுக்கே வைத்து ஆடிக்கொண்டிருப்பான். வெட்கப்படாமல் ஆடுங்கள். வீட்டில் பழகுவதென்றால் மொட்டை மாடிக்குப் போய்விடுங்கள், கீழ் வீட்டு ஆன்ட்டியிடம் நான் வாங்கிய வசவு போதும்.

வலக்கைக்காரர்கள் இடது காலை முன்னே வைத்து, பின்கால் குதிகாலைக் கொஞ்சம் தூக்கி, முழங்காலைத் தளர்த்தி, முழங்கை விலாவை ஒட்டி, தாடை கீழே, இரண்டு கையும் கன்னத்தருகே. முன்னே போகும்போது முன்கால் முதலில், பின்னே வரும்போது பின்கால் முதலில், கால் இரண்டும் ஒன்றையொன்று தாண்டவே கூடாது. பாண்டி ஆடி வளர்ந்த காலுக்கு இது கஷ்டம், அதில் துள்ள வேண்டும், இதில் தரையோடு இழைய வேண்டும். இரண்டு வாரம் இதையே செய்யச் சொல்வார்கள். அலுப்பாகத்தான் இருக்கும்.

மொழி பற்றி ஒரு விஷயம். என் கோச் கன்னடக்காரர், பாதிப் பேச்சு கன்னடத்தில் வரும். முதல் நாள் நான் குத்தும்போதெல்லாம் 'உசிரு பிடு, உசிரு பிடு' என்று கத்தினார். மூச்சைப் பிடிக்கச் சொல்கிறார் என்று நினைத்து நானும் பிடித்துக்கொண்டு குத்தினேன், தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். கன்னடத்தில் 'பிடு' என்றால் விடு. மூச்சை வெளியே விடச் சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு குத்துக்கும் 'ஸ்' என்று மூச்சை விட்டுத்தான் குத்த வேண்டும். அதே மாதிரி 'பலகை' என்றால் வலது கை, நான் சுவரில் இருந்த போர்டைத் திரும்பிப் பார்த்தேன்.

சாப்பாடு: வகுப்புக்கு இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். பசித்தால் ஒரு வாழைப்பழம். மசால் தோசை சாப்பிட்டுவிட்டுப் போன அன்று என்ன ஆனது என்று எழுதப்போவதில்லை.

7. வலி: எது சரி, எது சரியில்லை

முதல் வகுப்புக்கு மறுநாளை விட அதற்கு அடுத்த நாள்தான் மோசம். தோள்பட்டை தூக்க வராது, சடை பின்ன முடியாது, மாடிப்படி இறங்கும்போது கெண்டைக்கால் கெஞ்சும். இது சாதாரணத் தசை வலி, மூன்று நான்கு நாளில் போகும். அதற்காக வகுப்பை நிறுத்தாதீர்கள், லேசாக நடங்கள். நான் காலையில் ஏரிப் பக்கம் நடப்பேன், எம்இஜி (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) ராணுவத் தம்பிகள் ஓடிக்கொண்டே நம்மைக் கடந்து போவார்கள், பார்த்தாலே கொஞ்சம் ரோஷம் வரும்.

கவலைப்பட வேண்டிய வலிகள் வேறு. சுண்டுவிரல் பக்கத்து முட்டியில் வீக்கமும் தொட்டால் உயிர்போகும் வலியும் இருந்தால் எலும்பு விரிசலாக இருக்கலாம், உடனே எக்ஸ்ரே. குத்து எப்போதும் ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில்தான் போய் விழ வேண்டும், சுண்டுவிரல் பக்கம் விழுந்தால் அங்கேதான் உடையும். மணிக்கட்டு மடங்கியபடி குத்தினாலும் அதே கதி, என்னுடையது அதுதான். அன்றைக்குப் பைக்கு வழக்கத்தை விட வேகமாக ஹூக் (பக்கவாட்டில் வளைத்து வீசும் குத்து) போட்டேன், சுற்றும் தளர்வாக இருந்தது, சுருக்கென்றது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று நாள் அதே கையால் குத்தினேன் பாருங்கள், அதுதான் ஒரு வாரத்தில் ஆறியிருக்க வேண்டியதை ஆறு வாரத்துக்கு இழுத்தது.

கைச்சுற்று சுற்றும்போது விரல்களை நன்றாக விரித்துவைத்து, மணிக்கட்டுக்கு மூன்று சுற்று, முட்டிக்கு மூன்று சுற்று, விரலிடுக்குகளில் ஒவ்வொன்று, கட்டைவிரல், மறுபடி மணிக்கட்டு. முட்டி மடக்கினால் இறுக வேண்டும், விரித்தால் தளர வேண்டும். விரல் நுனி மரத்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். முதல் மாதம் இதற்கே ஏழெட்டு நிமிடம் பிடிக்கும், அதனால் சீக்கிரமே போய்விடுங்கள்.

ஸ்கிப்பிங்கால் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு ஓரத்தில் வலி வந்தால் சிமென்ட் தரையை விட்டு ரப்பர் விரிப்புக்கு மாறுங்கள், நேரத்தைப் பாதியாக்குங்கள்.

8. ஸ்பாரிங்: அவசரப்படுத்தினால் மறுத்துவிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

முன்பு போன ஓர் இடத்தில், சேர்ந்த மூன்றாவது வாரம் சனிக்கிழமை, 'வாங்க மேடம், சும்மா லைட்டா' என்று ஒரு கல்லூரிப் பையனோடு இறக்கிவிட்டார்கள். அவனுக்கு லைட் என்றால் என்னவென்று தெரியவில்லை, எனக்குத் தலையைச் சாய்க்கவே தெரியாது. இரண்டு ரவுண்டில் எத்தனை வாங்கினேன் என்று நினைவில்லை, நினைவில்லாததுதான் விஷயமே. நான்கு நாள் தலைவலி, ஆபீஸ் ஸ்கிரீனைப் பார்த்தால் குமட்டல். திங்கட்கிழமை போன் பண்ணிச் சொன்னால், 'பழகிடும், நாளைக்கு வாங்க' என்றார்கள். அமெச்சூர் போட்டி விதிகளில், தலையில் அடிபட்டு ஆட்டம் நிறுத்தப்பட்டவருக்கு நினைவு தப்பாவிட்டாலும் குறைந்தது 30 நாள் ஓய்வு. நினைவு தப்பியிருந்தால் அது 90, 180 நாள் என்று போகும். போட்டியாளர்களுக்கே அப்படி, எனக்கு 'நாளைக்கு வாங்க'.

தலையில் பட்ட பிறகு தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சம் கூசுதல், மறதி, காரணமில்லாத எரிச்சல், இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், முழுக்கச் சரியாகி டாக்டர் சரி சொல்லும் வரை தலைக்கு இன்னொரு அடி கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தூங்கி விழுதல், வலிப்பு, ஒரு கண்ணின் பாப்பா பெரிதாகத் தெரிவது என்றால் ஆட்டோ பிடித்து நேராக அவசரப் பிரிவுக்கு. தலைக்கவசம் போட்டிருந்தேனே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். அது புருவம் கிழிவதைத் தடுக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது.

எப்போது தொடங்கலாம்? எனக்கு இப்போதைய கோச் ஐந்தாவது மாதம்தான் விட்டார், அதுவும் முதல் ஒரு மாதம் உடம்பில் மட்டும், ஜாப் மட்டும். எதிரே நின்றவர் என்னை விட அனுபவம் உள்ள பெண், அடியை அடக்கத் தெரிந்தவர். புதியவரோடு புதியவர் ஸ்பாரிங் செய்வதுதான் ரொம்ப ஆபத்து, இருவருக்கும் பயம், இருவரும் முழு வேகத்தில் வீசுவார்கள். வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வருடக்கணக்காக ஸ்பாரிங்கே செய்யாமல் பையும் பேடுமாகப் பழகுபவர்கள் எங்கள் இடத்திலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள், யாரும் அவர்களை மட்டமாகப் பார்ப்பதில்லை.

பிள்ளைகளைச் சேர்க்கும் அப்பா அம்மாக்கள் கோச்சிடம் முதல் நாளே கேளுங்கள்: எத்தனை மாதத்துக்குத் தலையில் குத்து இல்லை? பதில் மழுப்பலாக வந்தால் வேறு இடம்.

9. போட்டிக்குப் போக ஆசை வந்தால்

ஒரு வருடமாவது போகட்டும். பெரியவர்களுக்கான 'எலைட்' பிரிவு 19 வயதிலிருந்து 40 வரை, அதனால் முப்பதுகளில் இருக்கும் நமக்கும் கதவு மூடவில்லை. மூன்று ரவுண்டு, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், எடைப் பிரிவு வாரியாக. ஐந்து நடுவர்கள் ரவுண்டுக்குப் பத்து என்ற கணக்கில் மதிப்பெண் போடுவார்கள். பெண்களுக்குக் கையுறை 10 அவுன்ஸ், தலைக்கவசம் உண்டு. ஆண்கள் எலைட் பிரிவில் 2013 முதல் தலைக்கவசம் கிடையாது.

பதிவு உங்கள் கிளப் வழியாக மாநிலச் சங்கத்துக்குப் போக வேண்டும், நீங்களாக நேரே போய்ப் பெயர் கொடுக்க முடியாது. அதனால் சேரும்போதே 'நம்ம கிளப் சங்கத்தில் பதிவாகியிருக்கிறதா' என்று கேட்டுவைப்பது நல்லது. ஆதார், பிறந்த தேதிக்கான சான்று, மருத்துவச் சான்று, படங்கள் எல்லாம் ஒரே ஃபைலில் வையுங்கள், அசலும் நகலும். பிறந்த தேதி ஆதாரில் ஒன்றாகவும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒன்றாகவும் இருந்தால் இப்போதே திருத்தப் போடுங்கள், கடைசி வாரத்தில் ஓடினால் நடக்காது. பெண்கள் தாங்கள் கருவுற்றிருக்கவில்லை என்று ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டியிருக்கும், அது போட்டிக்கு வரும் பெண்கள் எல்லாருக்கும் பொதுவான விதி, அவமானமாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை.

ஆட்டம் இருக்கும் நாள் காலையில் மருத்துவப் பரிசோதனையும் எடை பார்ப்பதும் உண்டு. போன மாதம் எங்கள் இடத்துப் பெண் ஒருத்திக்குத் துணையாகப் போனேன். 60 கிலோ பிரிவு, வீட்டுத் தராசில் 59.8, அங்கே 60.3. காலை ஏழு மணிக்கு ஜெர்க்கின் மேல் ஜெர்க்கின் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தாள், நான் கையில் அவள் ஆதாரையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துக்கொண்டு நின்றேன், பாட்டிலைத் திறக்கக் கூடாது என்று கோச் உத்தரவு. வீட்டுத் தராசை நம்பாதீர்கள்.